சட்டப்படி ஒரு மாமியார்

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் டென்ஸ் நடத்தினால் பாதிப் பேர் தூங்குவார்கள். 'மதர்-இன்-லா' என்று போர்டில் எழுதினால் தூங்கினவரும் எழுந்து உட்கார்ந்துவிடுவார். "இதுல லா எங்க சார் வந்துச்சு? மாமியார் என்ன வக்கீலா?" என்று முன் பெஞ்சில் ஒருவர் கேட்பார். "ஜட்ஜு" என்று பின் பெஞ்சிலிருந்து பதில் வரும். ஒவ்வொரு பேட்ச்சிலும் இது நடக்கும். நானும் புதிதாகக் கேட்பதுபோலச் சிரித்துவைப்பேன்.

உண்மையில் அந்த லா கோர்ட்டுச் சட்டம் இல்லை, சர்ச் சட்டம். யார் யாரைக் கட்டக் கூடாது என்று திருச்சபை விதித்து வைத்திருந்தது. கல்யாணத்தால் வந்த அம்மாவும் அக்காவும் அந்த விதியின் கண்ணுக்குப் பெற்ற அம்மா, கூடப்பிறந்த அக்கா மாதிரிதான். அந்தப் பக்கம் கண் போகக் கூடாது என்பதற்கு வைத்த முத்திரைதான் இன்-லா. 16ஆம் நூற்றாண்டில் ஆர்ச்பிஷப் மேத்யூ பார்க்கர் தொகுத்த விலக்குப் பட்டியல், இங்கிலாந்து சர்ச்சுகளின் சுவரில் வெகுகாலம் தொங்கியது. அதில் ஆண் கட்டக் கூடாதவர்களில் முதல் இடம் பாட்டிக்கு. எவன் போய்க் கேட்டுத் தொலைத்தானோ!

மச்சினி விவகாரம் இதைவிடப் பெரிய கூத்து. மனைவி இறந்தபின் அவள் தங்கையைக் கட்டினால் அந்தக் கல்யாணமே செல்லாது என்று 1835இல் சட்டத்தை இறுக்கினார்கள். பிறகு அதைத் தளர்த்தச் சொல்லி பார்லிமெண்டில் அறுபது வருஷத்துக்கு மேல் மல்லுக்கட்டி, 1907இல்தான் போனால் போகிறது என்று விட்டார்கள். நம் பக்கம் காரியத்துக்கு வந்த பெரியவர்கள் திண்ணையில் உட்கார்ந்து, காபி ஆறுவதற்குள் பேசி முடித்துவிடுகிற விஷயம் இது.

நம் உறவுச்சொற்களின் போக்கே வேறு. ஆங்கிலச் சொல் 'கட்டாதே' என்கிறது. நம் சொல் 'முறை இருக்கிறது, யோசிக்கலாம்' என்கிறது. அப்பாவின் தங்கையும் அத்தை, மாமியாரும் அத்தை. அம்மாவின் தம்பியும் மாமா, மாமனாரும் மாமா, சில வீடுகளில் புருஷனே மாமா. கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் கூப்பிடுகிற பெயரை மாற்ற வேண்டாம், மொய் மட்டும்தான் கூடும். அமெரிக்க ஆய்வாளர் லூயிஸ் ஹென்றி மார்கன் 1871இல் வெளியிட்ட புத்தகத்தில், இரோக்வாய் பழங்குடிகளின் உறவுமுறையும் தமிழர் உறவுமுறையும் ஒத்துப்போவதைக் கண்டு வியந்திருக்கிறார். நியூயார்க் பக்கத்துக் காட்டிலும் மாமன் பிள்ளை வேறு, சித்தப்பா பிள்ளை வேறுதான். ஆங்கிலத்தில் இருவரும் 'கசின்'. 'கசின் பிரதர்' தப்பு என்று நானே திருத்துகிறேன், சம்பளம் வாங்குகிறேனே. ஆனாலும் சித்தப்பா மகனை அண்ணன் என்றே வளர்ந்தவன், வெறும் கசின் என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியுமா?

பிரதர்-இன்-லாவுக்கு வந்தால் போர்டில் இடம் பத்தாது. மனைவியின் தம்பி, அக்காள் புருஷன், கொழுந்தன் எல்லாரும் அந்த ஒரே சட்டைக்குள். சகலையையும் அதற்குள் திணித்தால் சகலைக்கே பிடிப்பதில்லை. அதனால்தான் தென்னிந்தியர்கள் 'கோ-பிரதர்' என்று ஒன்றைச் செய்துகொண்டார்கள். லண்டன்காரருக்குப் புரியாது. புரியாவிட்டால் போகட்டும். ஒரே வீட்டில் பெண் எடுத்துவிட்டு, ஒரே விருந்தில் யாருக்கு முதலில் இலை போட்டார்கள் என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்கிற இருவருக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தோன்றவில்லை.

என் வகுப்பில் ஒரு அம்மா இருந்தார். மகளைப் பார்க்க டல்லஸ் போக வேண்டும், சம்பந்தியம்மாவும் கூட வருகிறார். ஏர்போர்ட்டில் யார் என்று கேட்டால் என்ன சொல்வது? 'மை டாட்டர்ஸ் மதர்-இன்-லா' என்று எழுதிக் கொடுத்தேன். வாய்க்குள் ரெண்டு தரம் சொல்லிப் பார்த்தார். "இதுல அவங்க என் பொண்ணுக்குத்தான தம்பி ஆகுது? எனக்கு யாருன்னு வரலியே" என்றார். ஆங்கிலம் அந்த இடத்தில் கையை விரித்துவிடுகிறது.

இதையெல்லாம் தாண்டி வந்தால் 'எஸ்' நிற்கும். பல மாமியார்கள் என்றால் எஸ் நடுவில்: மதர்ஸ்-இன்-லா. மாமியாருடைய வீடு என்றால் எஸ் கடைசியில்: மதர்-இன்-லாஸ் ஹவுஸ். "ஆள் பெருகினா நடுவுல, சொத்துன்னா கடைசில" என்று சுருக்கமாகச் சொல்லிவைப்பேன். ஒரு பேட்ச்சில் எல்லாரும் எழுதிக்கொண்டார்கள், ரிட்டையர் ஆன ஒரு பெரியவரைத் தவிர. அவருக்கு மூன்று மருமகன்கள். அவர்களை வைத்தே உதாரணம் போட்டேன்: சன்ஸ்-இன்-லா என்றால் மூன்று பேரும், சன்-இன்-லாஸ் கார் என்றால் மாப்பிள்ளையுடைய கார்.

"கார் மாப்பிள்ளை பேர்ல இருக்கு சார்" என்றார். "மாசாமாசம் டியூ நான்தான் கட்டுறேன். இப்ப எஸ்ஸை எங்க போட?"