கதவில்லாத சிவப்பு பஸ்

கே: லண்டனில் எத்தனையோ மாடி பஸ்கள் ஓடின. ரூட்மாஸ்டருக்கு மட்டும் ஏன் இத்தனை மவுசு?

ப: அந்த ஊர் சாலைக்காக, அந்த ஊர் பஸ்களை ஓட்டிப் பழுதுபார்த்த நிர்வாகமே உருவாக்கிய வண்டி அது. லண்டன் டிரான்ஸ்போர்ட்டின் தலைமைப் பொறியாளர் டரன்ட் முன்னின்றார். வடிவம் டக்ளஸ் ஸ்காட்டுடையது. போர்க்காலத்தில் ஹாலிஃபாக்ஸ் குண்டுவீச்சு விமானங்களைக் கட்டிப் பழகிய அனுபவம், இந்த பஸ்ஸின் அலுமினிய உடம்பில் இறங்கியது. முந்தைய ஆர்.டி. ரகத்தில் 56 இருக்கைகள், இதில் 64, எடையோ கூடவில்லை. 1956 பிப்ரவரி 8-இல் 2-ஆம் எண் தடத்தில் முதல் வண்டி ஓடியது. 1968 வரை 2,876 வண்டிகள் கட்டினார்கள்.

கே: ஐம்பது வருஷம் எப்படித் தாக்குப்பிடித்தது?

ப: லண்டன் டிரான்ஸ்போர்ட்டின் ஆல்டன்ஹாம் பணிமனையைக் கேட்க வேண்டும். உடம்பை அப்படியே தூக்கித் தனியே வைப்பார்கள். அடிப்பாகங்கள் வேறு பக்கம் போகும். எந்த பஸ்ஸின் பாகமும் எந்த பஸ்ஸிலும் பொருந்தும் என்பதால், சரிசெய்த பாகம் எது கைக்கு வருகிறதோ அதை மாட்டி அனுப்பிவிடலாம். பழுது வரும் என்று தெரிந்தே வரைந்த வண்டி அது. எனக்கு அதில் மிகவும் பிடித்ததும் அதுதான்.

கே: மாடியில் கூட்டம் ஏறினால் கவிழாதா?

ப: மாடியில் பயணிகளுக்குப் பதில் மணல் மூட்டைகளை ஏற்றி, 28 டிகிரி சாய்த்துப் பார்த்த பிறகே சாலைக்கு விட்டார்கள்.

கே: டவர் பாலத்தை ஒரு பஸ் தாண்டிக் குதித்ததாமே, கதையா?

ப: நிஜம். 1952 டிசம்பர் 30. 78-ஆம் எண் பஸ் பாலத்தின்மேல் போகும்போதே பாலத்தைத் தூக்கத் தொடங்கிவிட்டார்கள். டிரைவர் ஆல்பர்ட் குன்டர் பிரேக்கை மிதிக்கவில்லை, வேகத்தை மிதித்தார். மறுபாதியில் போய் இறங்கியது பஸ். அது ரூட்மாஸ்டர் அல்ல, ஆர்.டி. அவருக்குக் கிடைத்த வெகுமதி 10 பவுண்டு. குறைவுதான்!

கே: இலங்கையில் என் அப்பா லண்டன் பஸ்ஸில் போனதாகச் சொல்வார். நம்பலாமா?

ப: தாராளமாக. லண்டன் கழித்த ஆர்.டி. குடும்பத்து பஸ்கள் நூற்றுக்கணக்கில் இலங்கைப் போக்குவரத்துச் சபைக்குப் போயின. 1980களின் கடைசியில் ரூட்மாஸ்டர்களும் போய்ச் சேர்ந்தன.

கே: இவ்வளவு நல்ல பஸ்ஸை ஏன் நிறுத்தினார்கள்?

ப: சக்கர நாற்காலியில் இருப்பவர் அதில் ஏறவே முடியாது. இந்த ஒரு காரணம் போதும், நிறுத்தியது சரி. 2005 டிசம்பர் 9-இல் 159-ஆம் எண் தடத்தில் கடைசி வண்டி மார்பிள் ஆர்ச்சிலிருந்து பிரிக்ஸ்டன் பணிமனைக்குப் போனது. வழியெங்கும் ஜனக்கூட்டம்.

ஆனால் வண்டியோடு கண்டக்டரையும் அனுப்பியதை என்னால் ஏற்க முடியவில்லை. பின்பக்கத் திறந்த மேடையில் ஆள் ஏறியதும் பஸ் கிளம்பிவிடும். டிக்கெட்டை இருக்கைக்கு வந்து கொடுப்பார். நம் ஊர் விசிலின் வேலையை அங்கே மணி செய்தது: ஒன்று அடித்தால் நில், இரண்டு அடித்தால் போ. முதியவருக்குக் கை கொடுக்கவும், ராத்திரி மாடியில் தகராறு என்றால் தட்டிக்கேட்கவும் ஓர் ஆள் இருந்தார். 2012-இல் 'புதிய ரூட்மாஸ்டர்' 38-ஆம் எண் தடத்தில் வந்தபோது பின்மேடையும் திரும்பி வந்தது, அதில் நிற்க ஓர் ஊழியரும் வந்தார். செலவைக் காட்டி 2016-இல் அந்த ஊழியரை எடுத்துவிட்டார்கள். ஓடும்போது பின்கதவும் மூடிக்கொண்டது.

கே: இப்போது போனால் பழைய வண்டியில் ஏற முடியுமா?

ப: 9, 15 ஆகிய தடங்களில் பாரம்பரியச் சேவையாகச் சில காலம் விட்டிருந்தார்கள், 9 போனது 2014-இல், பிறகு 15-உம் போயிற்று. ஆகஸ்டில் போகிறீர்களா? லண்டனுக்கு வெளியே, வார்மின்ஸ்டரிலிருந்து இம்பர் கிராமத்துக்கு வருஷத்தில் ஒரு நாள் பழைய ரூட்மாஸ்டர்கள் வரிசையாக ஓடும். 1943-இல் ராணுவப் பயிற்சிக்காகக் காலிசெய்யப்பட்ட ஊர் அது. தேதியை முன்கூட்டியே பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். மாடியில் முன்சீட்டுக்குப் போட்டி பலமாக இருக்கும்.