தொட்டால் அடிக்கும் கரண்ட்: இராமேசுவரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்தவர் இரும்புக் கதவைத் தொட்டதும் விரல்நுனியில் சுள்ளென்று அடிப்பதே இங்கு ஆய்வுப் பொருள். இதற்கு மின்வாரியம் பொறுப்பல்ல. கரண்ட் போன நேரத்திலும் அடிக்கும்.

வெவ்வேறான இரு பொருள்கள் தொட்டுப் பிரிந்தால் ஒன்றில் நேர்மின்னூட்டமும் மற்றதில் எதிர்மின்னூட்டமும் தங்கும். தேய்த்தே ஆகவேண்டும் என்பதில்லை. தேய்த்தால் தொடும் பரப்பு கூடும், அவ்வளவுதான். கொடுப்பவை எவை, வாங்குபவை எவை என்று சுவீடன் நாட்டு இயற்பியலர் வில்க்கே 1757-லேயே வரிசைப்படுத்தினார். மனிதத் தோலும் கம்பளியும் எலக்ட்ரானை இழக்கும் பக்கம். பாலியெஸ்டரும் நாற்காலிப் பிளாஸ்டிக்கும் பெறும் பக்கம். கைமாறுவது எலக்ட்ரான் மட்டும்தானா, அயனியுமா, பொருளின் பொடியே ஒட்டிக்கொண்டு போகிறதா என்ற வழக்கு அறிஞர்களிடையே இன்னும் நிலுவையில் இருக்கிறது.

அடி உறைக்க உடம்பு சுமார் 3,000 வோல்ட் ஏறியிருக்க வேண்டும். அப்போது இடம் மாறியிருக்கும் எலக்ட்ரான்கள் ஏறத்தாழ 2 லட்சம் கோடி. நாளிதழ் வாசகர்களுக்கு இது புதிய தொகை அல்ல. ஆனால் இதில் அடங்கிய ஆற்றல் ஒரு மில்லிஜூலுக்கும் குறைவு. ஆள் துள்ளுவார், சேதமில்லை.

மின்னூட்டம் ஏறியவர் ஏறாதவரைத் தொட்டால் பாகப்பிரிவினை நடக்கிறது. இருவரும் ரப்பர் செருப்பில் நின்றால் ஆளுக்குப் பாதி. அடியும் இருவருக்கும் விழும். ஆனாலும் கரண்ட் மற்றவரிடமிருந்தே வந்தது என்று இருவரும் சாதிப்பார்கள். கதவு நிலத்தோடு இணைந்த உலோகமாக இருந்தால் பங்கு கிடையாது, முழுவதும் போய்விடும்.

இத்துறைக்கு இராமேசுவரம் மிகவும் பாதகமான களம். கடற்காற்றின் ஈரம் எல்லாப் பொருளின் மேலும் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலமாகப் படிகிறது. அதில் உப்பும் கரைவதால் ஏறிய மின்னூட்டம் நொடியில் கசிந்துவிடும். சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துணுக்கை ஈர்க்கும் பாடநூல் சோதனை இங்குள்ள வகுப்பறைகளில் சொதப்புவதற்கு ஈரக் காற்று பாதிக் காரணம், தேங்காய் எண்ணெய் மீதிக் காரணம். அக்னி தீர்த்தத்தில் முழுகி, கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடி, சொட்டச் சொட்டக் கல்தரையில் நடப்பவரிடம் பாவம் மிஞ்சுகிறதா என்பது வேறு துறை, மின்னூட்டம் மிஞ்சாது.

கடலை விட்டு விலகி கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கம் போனால், கோடை நண்பகலின் வறண்ட காற்றில் நாற்காலிகள் ஓரளவு வேலை செய்யும். இராமேசுவரத் தீவை நெருங்கும்போது வலுவான களம் ஒன்றுதான்: சென்னையிலிருந்து வரும் ரயிலின் ஏ.சி. பெட்டி. குளிரூட்டி ஈரத்தை உறிஞ்சிவிட, பாலியெஸ்டர் சட்டைக்காரர் கம்பளியை உதறி எழும்போது படபடவென்று பொரியும்; கை முடி சிலிர்த்து நிற்கும். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தைக் காண அவர் வாசலுக்கு விரைந்து எஃகுக் கைப்பிடியைப் பிடிக்கிறார். வெளியே ஈரக் காற்று வீசினாலும், உள்ளே ஏறியது இன்னும் முழுதாக இறங்கியிருக்காது.

தடுக்க வழி எளிது. வீட்டுச் சாவியை இறுகப் பிடித்து அதன் முனையால் உலோகத்தைத் தொட வேண்டும். பொறி சாவியிலிருந்து பாயும். விரலுக்கு ஒன்றும் தெரியாது.