ஒழுகினசேரியைச் சொல்லுங்கள்!

தக்கலை வாசகர்: ‘மியூசிக்கல் காமெடி’ என்றால் அமெரிக்காக்காரர்கள் பிராட்வேயைக் காட்டுகிறார்கள். நாம் எதைக் காட்டுவது, அண்ணாச்சி?

நாகர்கோவில் ஒழுகினசேரியைக் காட்டுங்கள். 1908-இல் அங்கே பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் ஒருவர் போதும். வில்லுப்பாட்டு மண்ணில் வளர்ந்து, டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் கம்பெனியில் தொழில் பழகி, சினிமாவுக்குப் போனவர். 1943-இல் ‘ஓக்லஹோமா!’ மேடையேறியபோது, பாட்டும் கதையும் பிரிக்க முடியாதபடி பின்னிய நாடகம் என்று அமெரிக்கா கொண்டாடியது. பாட்டே கதையாக நடக்கும் வில்லுப்பாட்டை நம் ஊர் அம்மன் கோவில் கொடை விழாக்களில் அதற்கு எவ்வளவோ முன்பே விடிய விடியக் கேட்டாயிற்று.

குளச்சல் வாசகர்: தமிழ்ப் படத்தில் பாட்டுக்கா பஞ்சம்? எல்லாமே மியூசிக்கல்தானே?

பாட்டு இருந்தால் போதாது. அதை வெட்டி எடுத்தால் கதை நொண்ட வேண்டும். நம் படங்களில் முக்கால்வாசிப் பாட்டுக்கு எழுந்து போய் முறுக்கு வாங்கி வரலாம், கதை அங்கேயேதான் நிற்கும். ‘நல்லதம்பி’ படத்தின் கிந்தனார் காலட்சேபத்தின்போது போய்ப் பாருங்கள், திரும்பி வருவதற்குள் கிந்தன் ரயிலேறிவிடுவான்.

பூதப்பாண்டி வாசகர்: அந்தக் கிந்தனாரில் அப்படி என்னதான் இருக்கிறது?

ஒரு புரட்சி இருக்கிறது, சிரித்துக்கொண்டே வருகிறது. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரம் அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு தெரிந்த கதை. 1942-இல் தண்டபாணி தேசிகர் நந்தனாராகப் படத்திலும் பாடி ஊரை உருக்கியிருந்தார். பண்ணையில் அடிமைப்பட்ட நந்தனுக்குச் சிதம்பரம் போக ஆசை. அதே அச்சில் கலைவாணர் ஒரு சிறுவனை வார்த்தார். தாழ்த்தப்பட்டோர் சேரியில் பிறந்த கிந்தனுக்குப் பட்டணம் போய்ப் படிக்க ஆசை. பாட்டு உடுமலை நாராயணகவி. பாகவதர் கோலம், பின்பாட்டு, நடுநடுவே வசனம், காலட்சேபத்துக்கே உரிய இழுவை, எதையும் அவர் குறைக்கவில்லை. ஜனம் பழக்கதோஷத்தில் பக்தியோடு நிமிர்ந்து உட்காரும், தாளத்துக்குத் தலையாட்டும், ஆட்டிய தலை அப்படியே நிற்கும்போது, ‘இந்தப் பையனுக்கு ஏன் பள்ளிக்கூடக் கதவு திறக்கவில்லை’ என்ற கேள்வி உள்ளே போயிருக்கும். 1949-இல், அண்ணாவின் கதை வசனத்தில் வந்த படம். சமூக நீதிக்கு அதைவிட இனிமையாக யாரும் தாளம் போட்டதாக எனக்குத் தெரியவில்லை.

சுசீந்திரம் வாசகர்: சாமி கதையின் அச்சை எடுத்துச் சிரிப்பது தப்பில்லையா?

சாமியே அனுமதித்த சிரிப்பு அது. கொடையில் வில்லுப்பாட்டு மேடையைக் கிட்டப் போய்ப் பாருங்கள். மணி கோத்த வில் குடத்தின் மேல் படிந்திருக்கும். புலவர் வீசுகோலால் நாணைத் தட்டுவார். குடமும் உடுக்கும் ஜால்ராவும் கட்டையும் சேரும். எதிரே சுடலைமாடனோ இசக்கியோ உக்கிரமாக நிற்பார்கள். கொலையும் சாபமுமான கதைதான். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து ‘ஆமா’ போடுகிறவர் திடீரென்று ஒரு குறும்புக் கேள்வி கேட்பார். புலவர் மடக்குவார். தூங்கி விழுந்தவர்கள்கூட எழுந்துகொள்வார்கள். சிரித்து முடிப்பதற்குள் உடுக்கு உறுமும், கதை திரும்பவும் சுடுகாட்டுக்குப் போய்விடும்.

நம் குமரி மாவட்டத்துத் தோல்பாவைக் கூத்திலும் இதே சங்கதிதான். ராமாயணம் நடக்கும் அதே திரையில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் நுழைந்து, வம்பு பேசி, அடித்துக்கொண்டு போவார்கள். ராமருக்கு அதனால் ஒரு குறையும் வந்ததில்லை.

தோவாளை வாசகர்: கலைவாணருக்கு முன்னால் நாஞ்சில் நாட்டில் இப்படிச் செய்தவர் உண்டா?

தேரூரில் உண்டு. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை! புராணம் போலப் படலம் பிரித்து ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ பாடினார். சொத்தெல்லாம் மருமகனுக்குப் போக, கட்டிய மனைவியும் பெற்ற பிள்ளைகளும் தெருவில் நிற்கும் வழக்கத்தை ஒரு பெண்ணின் வாய்ப் புலம்பலாக வைத்தார். ‘மாமி அரசியற் படலம்’ என்ற தலைப்பைப் படித்ததுமே சிரிப்பு வந்துவிடும். படலத்தைப் படித்தால் தொண்டை அடைக்கும். 1926-இல் சட்டம் வந்து அந்த வழக்கத்துக்கு முடிவு கட்டியது. புராணத்தை அச்சாக எடுத்த தேரூர்க்காரரும் காலட்சேபத்தை அச்சாக எடுத்த ஒழுகினசேரிக்காரரும் ஒரே பள்ளிக்கூடம் என்பது என் கட்சி.

நாகர்கோவில் வாசகி: எல்லாப் புகழும் கலைவாணருக்குத்தானா? மதுரம் அம்மா?

நியாயமான கோபம். திருவரங்கத்துக்காரரான டி.ஏ. மதுரம், கலைவாணரின் மனைவி, அவர் சிரிப்பில் சரிபாதி. கலைவாணர் தாளம் எடுத்தால் இவர் வெட்டுவார். அவர் உபதேசம் செய்தால் இவர் ஒரே பார்வையில் கீழே இறக்குவார். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கணவர் சிறைக்குப் போனபோது இவர் மூலையில் உட்காரவில்லை. எஸ்.வி. சகஸ்ரநாமம் உள்ளிட்டவர்கள் துணையோடு நாடக சபாவைத் தூக்கி நிறுத்தினார். அங்கே நடந்த ‘பைத்தியக்காரன்’ 1947-இல் படமாகவும் வந்தது. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன வழக்கில் அதே ஆண்டு கலைவாணர் விடுதலையானார். நிமிர்ந்து நின்ற அந்த அம்மாவின் பெயரையும் சேர்த்தே நாம் சொல்லிப் பழக வேண்டும்.

மார்த்தாண்டம் வாசகர்: ‘அவ்வை சண்முகி’ என்ற படப் பெயர் எங்கிருந்து வந்தது?

கலைவாணர் தொழில் பழகிய அதே டி.கே.எஸ். சகோதரர்களில் ஒருவர், அவ்வையாராக நடித்துப் பெயரோடு அவ்வையை ஒட்டிக்கொண்ட டி.கே. சண்முகத்திடமிருந்து. சிறுவன் கமல்ஹாசன் நாடகம் பயின்றது அவரிடம்தான். 1996-இல் வந்த அந்தப் படம் சிஷ்யன் செலுத்திய குருதட்சிணை.

ஆரல்வாய்மொழி வாசகர்: படத்தில் தனிக் காமெடி டிராக்கைக் கொண்டுவந்ததே கலைவாணர்தான் என்கிறார்கள். அது நன்மையா, கெடுதலா?

அவர் கையில் இருந்தவரை நன்மை. தன் பகுதியைத் தானே யோசித்து, பாட்டும் சிந்தனையும் சேர்த்துக் கொடுத்தார். படம் சுமாராக இருந்தாலும் ஜனம் அவருக்காக வந்தது. ‘ராஜா ராணி’யில் சிரிப்பைப் பற்றியே ஒரு பாட்டு, எத்தனை விதச் சிரிப்பு உண்டோ அத்தனையையும் சிரித்தே காட்டுகிறார். பின்னால் வந்தவர்களில் பலர் டிராக்கை வைத்துக்கொண்டு பாட்டைக் கைவிட்டார்கள். அங்கேதான் நஷ்டம்.

கொட்டாரம் வாசகர்: கல்லூரி ஆண்டு விழாவுக்கு ஒரு இசை நகைச்சுவை நாடகம் போட ஆசை. எதைப் போடலாம்?

மருமக்கள்வழி மான்மியத்தைப் போடுங்கள். ஆனால் கரோக்கி வேண்டாம், வில்லுப்பாட்டாகவே போடுங்கள். காந்தி கதையையே கலைவாணர் வில்லில் பாடியிருக்கிறார். அவருக்கு எழுதிக் கொடுத்த சுப்பு ஆறுமுகம் 2022-இல் மறையும்வரை வில்லைக் கீழே வைக்கவில்லை. நாகர்கோவிலைச் சுற்றி வில்லிசைக் குழுக்கள் இன்னும் இருக்கின்றன. ஒரு புலவரைக் கூப்பிட்டு, பேசிய பணத்தை முன்னாலேயே கொடுத்து, மேடையின் நடுவில் உட்கார வையுங்கள். மாமியாக நடிக்கத் துணிச்சலான ஒரு பெண் கிடைத்தால் பாதி நாடகம் முடிந்த மாதிரி. தேதியைச் சொல்லுங்கள், முன்வரிசையில் எனக்கு ஒரு நாற்காலி போடுங்கள்.