‘பட்டி’ என்னும் சொல்லும் அதனுள் நாய் புகுந்த வரலாறும்

நாய்ப்பட்டி என்பது நாயை அடைக்க மனிதர் கட்டும் இடம். நாய் படுக்கும் இடம் வேறு. நாய்ப்பட்டியைக் கொட்டில் என்பாரும் உளர். அது மாட்டுக்கு உரிய சொல், நாய்க்கு இரவல். கூண்டு பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

நாய்ப்பட்டியைக் குறிக்கும் கெனல் என்னும் ஆங்கிலச் சொல், நாயைக் குறிக்கும் கானிஸ் என்ற லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. தெருச் சாக்கடையைக் குறித்த பழைய கெனல் ஒன்றும் ஆங்கிலத்தில் உண்டு. அது கால்வாயைக் குறிக்கும் கானாலிஸின் வழி வந்தது. இரண்டுக்கும் உறவில்லை என்பது அகராதிகளின் முடிபு. வறண்ட சாக்கடையில் படுக்கும் தெருநாய்கள் இம்முடிபை ஏற்கவில்லை.

ஆராயத் தக்கது பட்டி. தமிழில் இது ஆடுமாடு அடைக்கும் இடம், சிற்றூரும் ஆகும். மலையாளத்திலோ பட்டி என்றாலே நாய். அதன் இருப்பிடம் பட்டிக்கூடு. ஆகவே இரு மாநில எல்லையான வாளையாற்றுக்குக் கிழக்கே நாய் பட்டிக்குள் இருக்கிறது; மேற்கே பட்டி கூட்டுக்குள் இருக்கிறது. சோதனைச் சாவடியிலேயே படுத்திருக்கும் நாய் தனி ஆய்வுக்குரியது.

இதற்குக் காரணம் கூறுவோர் இரு திறத்தார். பட்டியைக் காத்த நாய்க்குப் பட்டியின் பெயரே ஆகிவந்தது, ‘உலகம் சிரித்தது’ என்பதுபோல, என்பர் இடவாகுபெயர்க் கட்சியார். பட்டிக்குள் இருந்தது ஆடு, நாய் வாசலில்தான் கிடந்தது, எனவே ஆட்டுக்கல்லவா அப்பெயர் வந்திருக்க வேண்டும் என்பர் மறுப்பார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஆடு வராது என்பது இதற்கு விடை. மறுப்பார் தம் பங்குக்குத் தானியாகுபெயர் என்பர்: நாயே முதலில் பட்டி, அது கிடந்த இடம் பின்னர்ப் பட்டியாயிற்று. இரு கட்சிக்கும் சான்று அந்த ஒரே நாய்தான். எழுந்துபோய் அதைப் பார்த்தவர் எவருமில்லை; சொல்லாராய்ச்சியில் பொருளைப் பார்ப்பது மரபன்று.

மறுப்பார் கூற்றை ஏற்றால் தமிழ்நாட்டு வரைபடத்துக்கு உரை எழுத நேரும். கோவில்பட்டி கோவில் நாய்; ஆண்டிபட்டி ஆண்டி வளர்த்தது; உசிலம்பட்டி உசில மரத்தடியில் கிடப்பது; வாடிப்பட்டி வேளாவேளைக்குச் சோறு வைக்கப்படாதது. 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாய் எந்த வகைத் தீனியில் சேரும் என்பதையும் தீர்மானிக்க வேண்டியிருக்கும்.

பட்டிமன்றம் குறித்து இங்கு முடிபு கூறப்படவில்லை. மணிமேகலையிலேயே பட்டிமண்டபம் உண்டு. ஒன்று தொடங்கினால் தெருக்கோடி வரை மறுமொழி எழும் ஒற்றுமை தற்செயலாகவும் இருக்கலாம்.

எஞ்சியது புணர்ச்சி. நாய்ப்பட்டி என ஒற்று மிக்கால் நாயினது பட்டி. பலகை எழுதுவோர் வழக்கம்போல ஒற்றை விட்டு ‘நாய் பட்டி’ என எழுதின் உம்மைத்தொகையாகி, நாயும் பட்டியும் எனப் பொருள்படும். மலையாளத்தில் நாயும் நாயே, பட்டியும் நாயே. ஆதலால் பாலக்காட்டிலிருந்து வருவோர்க்கு அப்பலகை ஒருபொருட்பன்மொழி.