தொண்ணூறும் நூற்றெண்பதும்: ஷெங்கன் நாட்கணக்கு குறித்த ஓர் ஆராய்ச்சி

விசா இல்லாமல் வந்து போகும் வெளிநாட்டார் எத்தனை நாள் தங்கலாம் என்ற வினாவுக்கு ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள் தந்திருக்கும் விடை, எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் 90 நாளுக்கு மேற்படலாகாது என்னும் ஒற்றை வாக்கியமே. மேலோட்டமாக நோக்குவார்க்கு இது நான்காம் வகுப்புக் கழித்தல் கணக்காகத் தோன்றும். ஆயினும் நாள் என்பது யாது, எந்த என்பது எந்த என்று ஆராயப் புகுந்தோர் எவரும் தெளிவோடு திரும்பியதாகத் தெரியவில்லை.

முதற்கண் நிலப்பரப்பை வரையறுத்தல் வேண்டும். ஷெங்கன் என்பது லக்சம்பர்க் நாட்டில் மோசெல் ஆற்றங்கரையில் உள்ள ஒரு சிற்றூர். 1985 ஜூன் 14 அன்று ஐந்து நாடுகள் அவ்வாற்றில் நின்ற ஒரு கப்பலில் கூடிக் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அவ்வூரின் பெயரைப் பெற்று, இன்று 29 நாடுகளைத் தழுவி நிற்கிறது. நாட்கணக்கைப் பொறுத்தவரை இவை அனைத்தும் ஒரே வீடு; ஆகவே லிஸ்பனில் கழித்த நாளும் தாலினில் கழித்த நாளும் ஒரே பேரேட்டில் பற்று எழுதப்படும். ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தும் ஷெங்கனில் சேராத அயர்லாந்தும் சைப்ரஸும் இப்பேரேட்டுக்குப் புறம்பானவை. மலேசிய, சிங்கப்பூர்க் கடவுச்சீட்டு உடையோர் விசா இன்றியே இவ்வீட்டின் வாயிலை அடையலாம்; இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உடையோர் விசா பெற்றே செல்ல வேண்டும் எனினும், பலமுறை நுழையும் குறுகியகால விசா பெற்ற பின்னர் அவர்களும் இதே கணக்குக்கு ஆட்படுவதால், கோலாலம்பூர் உறவினரைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டியது வாயில் வரையில் மட்டுமே.

இனி, நாள். நுழையும் தேதி முதல் நாளாகவும் வெளியேறும் தேதி இறுதி நாளாகவும் எண்ணப்படும் என்று விதி கூறுகிறது. இறந்த தேதியையே முதல் நாளாக வைத்துப் பதினாறாம் நாள் காரியத்துக்குத் தேதி குறிக்கும் குடும்பங்களுக்கு இம்முறை புதிதன்று. இதன் விளைவு ஆழமானது. இரவு 11.50 மணிக்கு எல்லையைக் கடந்து வந்து 12.10 மணிக்குத் திரும்பிச் செல்பவர் இருபது நிமிடமே தங்கினும் இரண்டு நாள் தங்கியவராகிறார். இவ்வாறு 180 நாளில் 45 முறை வந்து செல்பவர் மொத்தம் பதினைந்து மணி நேரம் தங்கித் தம் 90 நாளையும் தீர்த்துவிடுவார்; தொண்ணூறு நாளும் இரவு பகலாகத் தங்கி 2,160 மணி நேரத்தைத் துய்த்தவரும் அவரும் சட்டத்தின் முன் சமமே. சட்டம் அளப்பது காலத்தை அன்று, தேதியை என்பது இதனால் பெறப்படும்.

அடுத்தது, ‘எந்த’ என்னும் சொல். 2013 அக்டோபர் 18க்கு முன்னர் முதல் நுழைவிலிருந்து ஆறு மாதத்துக்குள் மூன்று மாதம் என்றிருந்தமையால், முதல் ஆறு மாதத்தின் கடைசி மூன்று மாதத்தையும் அடுத்த ஆறு மாதத்தின் முதல் மூன்று மாதத்தையும் ஒட்டவைத்து அரையாண்டு தொடர்ந்து தங்கும் நுட்பம் வழக்கில் இருந்தது. புதிய விதி அந்த ஒட்டுவேலையை ஒழித்தது. இன்று தங்கியிருக்கும் ஒவ்வொரு நாளும் அந்நாளையும் சேர்த்துப் பின்னோக்கி 180 நாள் எண்ணப்பட வேண்டும். அதாவது, பயணி தம் கடந்த காலத்துக்கு நாள்தோறும் புதிதாகக் கணக்கு ஒப்புவிக்கிறார்.

ஆயினும் இவ்விதி இரக்கமற்றது என்று முடிவு கட்டுதல் பிழை. லீப் ஆண்டு அல்லாத ஓராண்டில் ஜனவரி 1 முதல் 30 வரை பாரிசில் தங்கிச் சென்ற ஒருவர் மே 2 அன்று மீண்டும் வருகிறார் எனக் கொள்க. எஞ்சியிருப்பது அறுபது நாளே என்று தொடக்கநிலை மாணாக்கர் கூறுவர். ஆனால் ஜூன் 30 அன்று ஜனவரி 1 கணக்கிலிருந்து உதிர்ந்துவிடும். மறுநாள் ஜனவரி 2 உதிரும். இவ்வாறு முன்னால் ஒரு நாள் ஏற ஏறப் பின்னால் ஒரு நாள் கழன்றுகொண்டே வருவதால், அவர் ஜூலை 30 வரை முழுமையாகத் தொண்ணூறு நாளும் தங்கலாம். பழம்பாவம் தானே கழியும் என்னும் கோட்பாட்டுக்கு ஐரோப்பியச் சட்டத்தில் இதனினும் தெளிவான சான்று கிடைத்தல் அரிது.

இக்கணக்கில் தேர்ந்தோர் இன்று மிகுதியாகக் காணப்படுவது ஸ்பெயினில் வீடு வாங்கியுள்ள பிரிட்டிஷ் ஓய்வூதியரிடையே. குளிர்காலம் முழுவதும் அங்கே வெயில் காய்ந்துவந்த இவர்கள், பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியதன் விளைவாக 2021 ஜனவரி 1 முதல் தம் சொந்த வீட்டிலேயே விருந்தாளிகளாயினர். இவர்கள் பொருட்டு ஓர் உச்ச அளவு ஈண்டுக் கணிக்கப்படுகிறது: ஜனவரி 1 முதல் 90 நாள் உள்ளே, 90 நாள் வெளியே, மீண்டும் 90 உள்ளே, 90 வெளியே என்று ஒழுகினால் 360 நாள் கழியும், எஞ்சிய ஐந்து நாளும் உள்ளே தங்கத் தகுவதால் ஆண்டுக்கு 185 நாள் பெறலாம். இந்நிறைவை எய்தியவர் அனைத்தையும் ஸ்பெயினிலேயே கழித்தாரேல், ஓராண்டில் 183 நாளுக்கு மேல் தங்குவோரை வரி செலுத்தும் குடியினராகக் கொள்ளும் அந்நாட்டு வரித்துறை அவரை அன்போடு வரவேற்கும். குடியுரிமைக்கு விருந்தாளி, வரிக்குக் குடிமகன் என்னும் இந்நிலையை இருமை என்பதா இரட்டிப்பு என்பதா என ஆய்வாளர் தீர்மானிக்க வேண்டும்.

சான்று பற்றிச் சில சொற்கள். முத்திரைக் காலத்தில் கணக்கின் மூலச்சுவடி கடவுச்சீட்டே. மை மங்கிய முத்திரையைக் கல்வெட்டறிஞர் போலச் சாய்த்துப் பிடித்து வாசிக்கும் எல்லை அதிகாரி அன்று பரவலாகக் காணப்பட்டார். நுழைவு முத்திரை இல்லாதவர் காலம் கடந்து தங்கியதாகவே கருதப்படலாம் என்பதும், பயணச்சீட்டு முதலியவற்றைக் காட்டி அவர் அதை மறுக்கலாம் என்பதும் விதி. 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக வந்த மின்னணுப் பதிவு முறை, முகப்படத்தையும் நான்கு விரல் ரேகைகளையும் பெற்றுக்கொண்டு நாட்களைத் தானே எண்ணுகிறது; பன்னிரண்டு வயது நிரம்பாதோரிடம் ரேகை கேட்பதில்லை.

எண்ண இயலாதோர்க்கென ஐரோப்பிய ஆணையம் இணையத்தில் ஒரு கணிப்பானை வைத்திருக்கிறது. தேதிகளை இட்டால் விடை தரும் அக்கருவி, தான் ஒரு துணைக்கருவி மட்டுமே என்றும், தன் விடை தங்கும் உரிமை எதையும் வழங்காது என்றும் அறிவித்துக்கொள்கிறது.