கூரைக்குக் கீழே வெயில் கண்ணாடி

துபாயில் தேராவின் யூனியன் நிலையத்தில் மெட்ரோ ஏறினால், மால் ஆஃப் தி எமிரேட்ஸில் இறங்கி நேராகப் பனிக்காலத்துக்குள் நடந்துவிடலாம். அந்த மாலுக்குள் 2005-இல் திறந்த பனிச்சறுக்குத் தளமான ஸ்கி துபாயில் 22,500 சதுர மீட்டர் பரப்பு. மிக நீண்ட சரிவு 400 மீட்டர். குளிர் உறைநிலைக்குக் கீழே ஒன்றிரண்டு டிகிரி. வெயில் மட்டும் கிடையாது, கூரை இருக்கிறதே. ஆனாலும் பனிச்சறுக்குக் கண்ணாடி வாங்கப் போகிறவர் கண் முதலில் போவது, எதிரில் நிற்பவர் தலைசீவிக்கொள்ளும் அளவுக்குப் பளபளக்கும் கருப்பு வில்லையின் மேல்தான். ஒளியை விடும் அளவை வைத்து வகுத்ததில் கருமையான பிரிவு 4 வில்லை, வரும் ஒளியில் நூற்றுக்கு 3 முதல் 8 பங்கைத்தான் உள்ளே விடும். பனிமலை உச்சியில் வெயிலில் நிற்பவருக்கானது. மின்விளக்கின் கீழ் அதை மாட்டினால் சரிவின் மேடுபள்ளம் தெரியாது, படம் மட்டும் நன்றாக விழும். இங்கே வேண்டியது 80 பங்குக்கு மேல் ஒளி விடும் பிரிவு 0. போனால் போகிறது, பிரிவு 1.

வெயிலே இல்லாத இடத்தில் கண்ணாடி எதற்கு என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் வேகத்தில் அறையும் குளிர்காற்றில் கண் நீர் வடிக்கும். முன்னே போகிறவர் கிளப்பும் பனித்தூளும் முகத்துக்கே வரும். ஆகவே பார்க்க வேண்டியது பொருத்தம்: நுரைப்பட்டை நெற்றியிலும் கன்னத்திலும் மூக்கோரத்திலும் ஒரே சீராகப் படிய வேண்டும், தலைக்கவசத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே சந்து கூடாது. தாழ்ந்த மூக்குத்தண்டுக்காகச் சில நிறுவனங்கள் தடித்த நுரை வைத்து ‘ஏசியன் ஃபிட்’ என்று விற்றன. நானூறு கோடிப் பேருக்கு மேல் வாழும் கண்டத்துக்கு ஒரே மூக்கு! விலை கூடினால் பொருத்தமும் கூடும் என்பவர்களும் உண்டு. கூடுதல் விலை பெரும்பாலும் வில்லைக்கும் ஆவி படியாத பூச்சுக்கும் முத்திரைக்கும் போகிறது. தலைப்பட்டையை இழுக்காமல் கண்ணாடியை முகத்தில் வைத்து, மூக்கோரம் வெளிச்சம் கசிகிறதா என்று பார்க்க ஒரு திர்ஹம்கூட ஆகாது.