தப்பா எடுத்துக்காத

“ஓபனா சொல்றேன், தப்பா எடுத்துக்காத.”

இந்த வார்த்தை காதில் விழுந்ததும் செய்யூர் பஜார் டீக்கடையில் பாதிப் பேர் கிளாஸை வைத்துவிட்டுச் சில்லறை தேட ஆரம்பிப்பார்கள். மீதிப் பேர் பெஞ்சில் நகர்ந்து இடம் விடுவார்கள். எழுந்தவர்கள் ஏற்கெனவே அனுபவப்பட்டவர்கள். நகர்ந்தவர்கள், இன்றைக்கு மாட்டியது தாங்கள் இல்லை என்று உறுதியாகத் தெரிந்துகொண்டவர்கள்.

சொன்னவர் அண்ணன். பெயர் வேண்டாம். சொன்னால் அவர் வருத்தப்படமாட்டார். சுற்றுவட்டாரத்தில் இருக்கும் மற்ற அண்ணன்கள்தான் ‘நம்மளை விட்டுட்டானே’ என்று வருத்தப்படுவார்கள். பவுஞ்சூரில் ஒருவர், சூணாம்பேட்டில் ஒருவர், கடப்பாக்கத்தில் கரைக்கு ஒருவர் தோப்புக்கு ஒருவர் என்று இரண்டு பேர். மதுராந்தகத்தில் ஏரி பெரிசு, எத்தனை பேர் தேறுவார்களோ!

எங்கள் அண்ணனுக்கு வயது 55. மடித்துக் கட்டிய லுங்கி, மேலே மஞ்சள் பனியன். முதுகில் 7 என்று இருந்தது. சோப்பும் வெயிலும் தின்றதில் இப்போது 1 மாதிரி தெரிகிறது. அதில் அவருக்கு வருத்தமில்லை. தொழில் சவுக்குத் தோப்பு. சவுக்கு நட்டால் வெட்டுக்கு வர மூன்று நான்கு வருஷம் ஆகும். அதுவரை பேசலாம்.

ஊரும் அதற்கு ஏற்ற ஊர். சேய் என்றால் முருகன். சேயூர்தான் செய்யூர் ஆயிற்று என்பார்கள். கந்தசாமி கோயில் இங்கே பிரசித்தம். பெற்ற அப்பனை எதிரே உட்காரவைத்துப் பாடம் சொன்ன பிள்ளையின் பெயரில் ஊர் இருக்கும்போது உபதேசத்துக்குப் பஞ்சம் வருமா?

அண்ணனின் உபதேசம் முழுக்க விளையாட்டு வழியாகத்தான் வரும். கடன் பிரச்சினை என்று போனால் ஃபாலோ ஆன். பங்காளித் தகராறு என்றால் கபடியில் போனஸ் கோடு. கூவத்தூர் எங்கள் தாலுகாதான். 2017 பிப்ரவரியில் அங்கே ஒரு விடுதியில் எம்.எல்.ஏ.க்களைத் தங்கவைத்திருந்தபோது உலகமே அரசியல் பேசியது, அண்ணன் மட்டும் “ஏலத்துக்கு முன்னாடி பிளேயரை ரிடெயின் பண்றாங்கப்பா, இதுல இன்னா இருக்குது” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். இன்றுவரை அதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் எங்கும் படிக்கவில்லை.

செஸ் அவர் வாழ்க்கையில் நுழைந்தது 2022 ஜூலையில். மாமல்லபுரத்தில் 44வது ஒலிம்பியாட். வேட்டி சட்டை கட்டிக் கைகூப்பி நின்ற ‘தம்பி’ குதிரையோடு ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளத்தான் ஈ.சி.ஆரில் பஸ் ஏறிப் போனார். திரும்பி வரும்போது விமர்சகராக வந்தார். குதிரை ‘எல்’ மாதிரி போகும் என்பதைத் தவிர வேறெதுவும் அவருக்குத் தெரியாது என்று எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் குகேஷைப் பற்றித் தெரியும். 16 வயசுப் பையன், முதல் எட்டு ஆட்டத்தையும் வரிசையாக ஜெயித்தான். பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தரோவிடம், கைக்கு வந்த ஆட்டத்தை விட்டுவிட்டுத் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தான். உஸ்பெகிஸ்தான் தங்கத்தோடு போனது. நம் இரண்டாவது அணிக்கு வெண்கலம். தனி ஆட்டத்துக்கான தங்கம் குகேஷுக்கு வந்தது என்பதை அண்ணன் சொல்லமாட்டார். அது கதையைக் கெடுக்கும்.

ஏனென்றால் கதை 2024 டிசம்பர் 12ஆம் தேதி சிங்கப்பூரில்தான் முடியவேண்டும். முதல் ஆட்டமே தோல்வி. மூன்றாவதில் பதிலடி. அப்புறம் இழுபறி, ஆளுக்கொரு வெற்றி, பதினாலாவது ஆட்டத்தில் டிங் லிரென் தன் யானையைத் தப்பான கட்டத்தில் வைத்தார், பையன் கண் கலங்கினான், 18 வயசில் உலக சாம்பியன். இதை அண்ணன் ஒரு கல்யாணமான பையனிடம் சொன்ன விதத்தை நான் நேரில் கேட்டேன்.

“ஓபனா சொல்றேன், தப்பா எடுத்துக்காத. அவன் மொத ஆட்டம் தோத்துட்டு பதினாலாவது வரைக்கும் போர்டை விட்டு எழுந்துக்கல. நீ ரெண்டாவது சண்டைக்கே பொண்டாட்டியை அம்மா ஊட்டுக்கு அனுப்பிட்டு வந்து இங்க பன்னு தின்னுகினு கீற.”

பையன் பன்னை வைத்துவிட்டான். அன்று சாயங்காலமே மாமியார் வீட்டுக்குப் போய் மனைவியை அழைத்து வந்தான். இப்படி அவ்வப்போது ஒன்று பலித்துவிடுவதுதான் ஊருக்கு வந்த கஷ்டம். நாலைந்து பந்தை நாலா பக்கமும் வைடாகப் போட்டுவிட்டு ஆறாவது பந்தில் ஸ்டம்பைச் சாய்க்கிற பவுலரை எந்தக் கேப்டனாலும் நிறுத்த முடியாது.

அதே குகேஷ் விஷயத்தில் அண்ணனுக்கு ஒரு தீராத மனக்குறையும் உண்டு. பையனுக்கு மனதைப் பழக்குவதற்கென்றே பேடி அப்டன் என்று ஒருவர் இருந்தார், தென்னாப்பிரிக்காக்காரர், 2011 உலகக் கோப்பை ஜெயித்த இந்திய கிரிக்கெட் அணிக்கும் அந்த வேலையைச் செய்தவர் என்று பேப்பரில் யாரோ படித்துக் காட்டினார்கள். அண்ணன் இரண்டு முறை படிக்கச் சொன்னார்.

“காய் நகர்த்த சொல்லித் தர்றதுக்கு வேற ஆளு கீதா?”

“கீதுண்ணா.”

“அப்ப இவரு இன்னா பண்றாரு?”

“பேசுவாருண்ணா. மனசு விட்டு.”

“பேசறதுக்கு?” அண்ணன் கிளாஸைக் கவிழ்த்துவைத்தார். “இருவது வருசமா நான் அதை ஒரு டீக்கு பண்ணிகினு கீறேன்டா.”

ஒரு டீக்கு என்பதுகூட முழு உண்மை இல்லை. கூட ஒரு வடையும் உண்டு. இரண்டுக்கும் காசு கேட்பவன் தருவான்.

அண்ணனின் பெரிய அஸ்திரம் இன்னும் பழசு. 1986 செப்டம்பர், சேப்பாக்கம், ஆஸ்திரேலியாவோடு டெஸ்ட். டெஸ்ட் சரித்திரத்திலேயே இரண்டாவது முறையாக ‘டை’ ஆன ஆட்டம். அண்ணன் அதை ரேடியோவில் கேட்டவர். கவாஸ்கரின் 90, கடைசி ஓவரில் மணிந்தர் சிங் எல்.பி.டபிள்யூ. எல்லாம் அவருக்குப் பொருட்டே இல்லை. அவருக்கு வேண்டியது டீன் ஜோன்ஸ் ஒருவர்தான். மெட்ராஸ் வெயில் தாங்காமல் ஆடுகளத்திலேயே வாந்தி எடுத்தபடி 210 அடித்தவர். 170ஐத் தாண்டியதும் ‘முடியலை, உள்ளே போறேன்’ என்றார். எதிர்முனையில் கேப்டன் ஆலன் பார்டர். பார்டர் குயின்ஸ்லாந்து அணிக்காரர், ஜோன்ஸ் விக்டோரியாவிலிருந்து வந்தவர். ‘சரி போ, தெம்பான ஒரு குயின்ஸ்லாந்துக்காரனைக் கூப்பிட்டுக்கிறேன்’ என்ற அர்த்தத்தில் பார்டர் ஒரு வார்த்தை விட்டாராம். ரோஷத்தில் ஜோன்ஸ் தொடர்ந்து ஆடினார். ஆட்டமிழந்த பிறகு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போய் சலைன் ஏற்றினார்கள்.

“அதான்டா ஓபனா பேசறது” என்று முடிப்பார் அண்ணன். சலைன் வரும் இடத்தில் குரலைத் தாழ்த்திவிடுவார்.

சித்திரையில் ஏரி வற்றியதும் உள்வாயில் டென்னிஸ் பால் டோர்னமென்ட் நடக்கும். கரையைத் தொட்டால் ஃபோர், பனைமரம் தாண்டினால் சிக்ஸ், சவுக்குத் தோப்புக்குள் போனால் அவுட், ஏனென்றால் பந்து கிடைக்காது. போன வருஷம் அரையிறுதி அன்று எங்கள் டீமின் ஒரே வேகப்பந்து வீச்சாளனுக்குக் காய்ச்சல். கண் சிவந்து, போர்த்திக்கொண்டு டீக்கடைக்கு வந்து “ணா, இன்னிக்கு என்னால ஆவாது” என்றான். அண்ணன் அவனுக்கு டீன் ஜோன்ஸைச் சொன்னார். அதோடு நிற்கவில்லை. “சரி, நீ படுத்துக்க. நான் சூணாம்பேடு பையனைக் கூப்பிட்டுக்கிறேன்” என்றார்.

சேப்பாக்கத்தில் வேலை செய்த மருந்து செய்யூரிலும் வேலை செய்தது. பையன் போர்வையை உதறினான். நாலு ஓவர் போட்டான், மூன்று விக்கெட். கடைசிப் பந்தைப் போட்டவன் அப்படியே ஸ்டம்பைக் கட்டிக்கொண்டு சரிந்தான். சலைன் வரைக்கும் கதை அச்சு பிசகாமல் நடந்தது.

மறுநாள் காலை ஆறரைக்கு அவன் அம்மா டீக்கடைக்கு வந்தாள். நூறு நாள் வேலைக்குப் போகும் வழி. கையில் மண்வெட்டி இருந்தது. அது வேலைக்கு எடுத்துப்போவதுதான் என்பதை அந்த நிமிஷத்தில் யாரும் நம்பவில்லை.

“இந்தாண்ணா. ஓபனா சொல்றேன், தப்பா எடுத்துக்காத.”

அந்த வாக்கியத்தை அண்ணன் ஆயிரம் முறை சொல்லியிருக்கிறார். யாராவது தன்னிடம் சொல்லி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அப்புறம் அந்த அம்மாள் பேசியதை இங்கே எழுதுவதற்கில்லை. அண்ணனின் சவுக்குத் தோப்பு, அதன் குத்தகை பாக்கி, அவர் பத்தாம் வகுப்பில் வாங்கிய மார்க் என்று ஒன்றையும் விடவில்லை. அண்ணனிடம் ஓபனாகப் பேசுவதற்கு ஊரில் இவ்வளவு சரக்கு இருப்பது எங்களுக்கே அன்றுதான் தெரிந்தது.

மூன்று நாள் அண்ணன் வாயைத் திறக்கவில்லை. டீக்கடை வெறிச்சோடியது. எழுந்து போகிறவர்களும் வரவில்லை, நகர்ந்து உட்காருகிறவர்களும் வரவில்லை. டீ மாஸ்டர் என்னிடம் வந்து, “நீங்களாவது ஏதாவது கேளுங்க சார், வடை மீந்து போவுது” என்றார்.

நாலாம் நாள் டிரில் வாத்தியார் வந்தார். ஓய்வு பெற்று எத்தனையோ வருஷம். எண்பது வயசுக்கு மேல், இன்னமும் சைக்கிள். அவரைப் பார்த்ததும் அண்ணன் எழுந்து லுங்கியை இறக்கிவிட்டார். அண்ணனுக்கும் ஓர் அண்ணன் உண்டென்பது கடையில் இருந்த இளவட்டங்களுக்குப் புதுசு.

“நல்லாக்கீறியாடா, காமன்?”

பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மன்மதன் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டார்கள் போல. ஒருவன் அண்ணனை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான், ஒப்புக்கொள்ள மாட்டேன் என்பது போல.

அந்தக் காமன் இல்லை. ஏரி உள்வாய் ஆட்டத்தில் ஆள் பிரிக்கும்போது ஒற்றைப்படையாக ஒருவன் மிஞ்சுவான். அவன் இரண்டு பக்கமும் பேட் பிடிக்கலாம், இரண்டு பக்கமும் ஃபீல்டிங் நிற்கவேண்டும். எந்தப் பக்கம் ஜெயித்தாலும் அவனுக்குக் கோப்பை இல்லை. தோற்றாலும் திட்டு இல்லை. அவன்தான் காமன். பள்ளிக்கூட நாளிலிருந்து அண்ணன் ஒரு முறைகூட எந்த டீமிலும் பதினொன்றில் ஒருவராக ஆடியதில்லை என்பது அன்று வெளியே வந்தது. யோசித்துப் பார்த்தால் அதில்தான் அவருடைய முழு உத்தியோகமும் இருக்கிறது. பெண் வீட்டார் கேட்டாலும் சொல்வார், மாப்பிள்ளை வீட்டார் கேட்டாலும் சொல்வார். வரப்புத் தகராறில் இரண்டு பங்காளிகளும் தனித்தனியாக வந்து தனித்தனியாக டீ வாங்கித் தந்தது எனக்கே தெரியும். எந்தப் பக்கமும் இல்லாதவனிடம்தானே ஜனங்கள் மனசு விட்டுப் பேசுகிறார்கள்?

“காய்ச்சக்காரப் பையனை பவுலிங் போடச் சொன்னியாமே?” என்றார் வாத்தியார்.

“இல்ல சார், டீன் ஜோன்ஸு...”

“டீன் ஜோன்ஸுக்கு அவங்க நாட்டுல சம்பளம் குடுத்தாங்க. நீ இன்னா குடுத்த?”

அண்ணனிடம் பதில் இல்லை.

“போய்ப் பார்த்துட்டு வா. பேசாத. பார்த்துட்டு மட்டும் வா.”

இரண்டு இளநீர் வாங்கிக்கொண்டு போனார். அரை மணி நேரம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. பையன் மிரண்டுபோனான். அவர் போனதும் அம்மாவைக் கூப்பிட்டு, “டாக்டர் என்னைப் பத்தி பெருசா ஏதாவது சொல்லிட்டாரா? மறைக்காத” என்று அழுதானாம்.

பையன் தேறிவிட்டான். இறுதி ஆட்டத்துக்கும் வந்தான், கரையில் உட்கார. எங்களுக்கு ஒரு ஆள் குறைந்தது. எதிரணிக்கும் ஒருவன் பைக்கில் விழுந்து முட்டி பெயர்ந்து வரவில்லை. இரண்டு கேப்டன்களும் சுற்றிமுற்றிப் பார்த்தார்கள். கரையில் டிரில் வாத்தியார் சைக்கிளைப் பிடித்தபடி நின்றிருந்தார். “அதான் காமன் கீறானே” என்றார்.

அண்ணன் லுங்கியை அவிழ்த்தார். உள்ளே டிராக் பேண்ட். எத்தனை வருஷமாக அதை உள்ளே போட்டுக்கொண்டே டீக்கடைக்கு வந்துகொண்டிருந்தாரோ!

முதலில் எங்களுக்காக மிட் ஆனில் நின்றார். ஆறாவது ஓவரில் எதிரணியின் நல்ல பேட்ஸ்மேன் ஒரு பந்தை வானத்துக்கு அனுப்பினான். பந்து ஏறி, நின்று, யோசித்து, அண்ணனைப் பார்த்து இறங்கியது. கரை முழுக்க மூச்சு நின்றது. இரண்டு கையையும் குவித்தார், கண்ணை மூடினார். பந்து நெஞ்சில் மோதி, 7 ஆக இருந்த 1க்கு நேர் முன்பக்கமாக ஒரு சத்தம் கொடுத்து, தரையில் விழுந்தது.

ஊர் ஓபனாகப் பேசியது. காய்ச்சல் பையனின் அம்மா குரல் தனியாகக் கேட்டது.

அண்ணன் எதையும் காதில் வாங்கவில்லை. குனிந்து பந்தை எடுத்தார். பவுலரிடம் எறியவில்லை. பந்தைத் துடைத்துக்கொண்டே நேராக, தப்பித்துப் பிழைத்து நின்ற அந்த பேட்ஸ்மேனிடம் நடந்தார். அவன் தோளில் கை போட்டார்.

“தம்பி, ஓபனா சொல்றேன், தப்பா எடுத்துக்காத. இந்த ஷாட் உனக்கு வேணாம்.”